வெறும் மரத்துக்கு 400 நம்பர் உப்புத்தாள் வேணாங்க
மேல ஒருத்தர் "கேபினட் கண்ணாடி மாதிரி வழவழன்னு வரணும்னா வெறும் மரத்தையே 400 நம்பர் உப்புத்தாள் வரைக்கும் தேய்ங்க"ன்னு சொல்லியிருக்காரு, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க. நம்பர் கூடக்கூட உப்புத்தாள் நைஸா இருக்கும். வெறும் மரத்துக்கு 120-ல ஆரம்பிச்சு 150, 180னு போய் நிறுத்தினா போதும், மிஞ்சிப்போனா 220. அதுக்கு மேல தேய்ச்சா ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏத்துற சாயம்) சரியா உள்ள இறங்காது, வெளிறித் தெரியும், பெயிண்ட்டுக்கும் பிடிமானம் குறையும். நீங்க தேடுற அந்த வழவழப்பு கோட்டிங்லதான் வருது. முதல் கோட் நல்லா காஞ்சதும் கைய வச்சுத் தடவிப் பாருங்க, குட்டி குட்டியா நார் எழும்பி சொரசொரன்னு இருக்கும், அதை 320 வச்சு அழுத்தாம லேசா தேய்ச்சு, தூசிய சுத்தமா துடைச்சுட்டு அடுத்த கோட் போடுங்க.

இன்னொண்ணு, நம்பரைத் தாண்டிக் குதிக்காதீங்க, 80 போட்ட கீறல 220 லேசுல எடுக்காது, ஸ்டெயின் அடிச்சதும் ஒவ்வொரு கோடும் பளிச்சுன்னு தெரியும், அதுவும் மரத்தோட ரேகைக்குக் குறுக்க தேய்ச்சிருந்தா சொல்லவே வேணாம். வெனியர் (பலகை மேல ஒட்டுற மெல்லிசான மரத் தோல்) ஒட்டுன கதவா இருந்தா ரொம்பவே கவனம், அந்த மேல் தோல் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஓரத்துல மெஷின வச்சு அழுத்தினீங்கன்னா அடிப்பலகை தெரிஞ்சிடும்.