பத்து மீட்டருக்கு ஒரு பார் என்பது எதுவரை?

"பத்து மீட்டருக்கு ஒரு பார், அதை வைத்து ஆழத்தைச் சொல்லிவிடலாம்" என்று, கடலின் ஆழம் அளப்பது பற்றி நான் படித்த கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. அதாவது, பத்து மீட்டர் இறங்கினால் நீரின் அழுத்தம் ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) கூடும் என்ற கணக்கு. ஸ்கூபா டைவிங்குக்குச் சரி. ஆழ்கடலில் இது எடுபடாது.

10,000 டெசிபார் (அதாவது 1,000 பார்) அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி மேலிருந்து கீழ்வரை கனமீட்டருக்கு 1,025 கிலோ, ஈர்ப்பு 9.81 என்று வகுத்தால் சுமார் 9,945 மீட்டர் வரும். யுனெஸ்கோ 1983இல் வெளியிட்ட சூத்திரப்படி, 30 பாகை அட்சரேகையில், அதே அழுத்தத்துக்கு ஆழம் 9,712.653 மீட்டர்தான். 230 மீட்டருக்கு மேல் இடிக்கிறது! தண்ணீர் அமுங்காது என்று பள்ளியில் படித்ததை அப்படியே நம்பியதன் விளைவு. அந்த அடியாழத்தில் அடர்த்தி 1,065ஐத் தாண்டிவிடும்.

அந்தச் சூத்திரமும் 0 டிகிரி வெப்பம், 35 உப்புத்தன்மை (ஒரு கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு) கொண்ட ஒரு பாவனைக் கடலுக்கானது. நிஜக் கடலுக்கு சிடிடி கருவி (நீரின் மின்கடத்துத்திறன், வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை அளப்பது) இறக்கி, அடுக்கடுக்காக அடர்த்தி எடுத்துக் கூட்ட வேண்டும். அதனால் மாறுவது பெரும்பாலும் ஓரிரு மீட்டர்தான்.

முகத்துவாரத்தில் கதையே வேறு. மேலே ஆற்று நீர், கீழே உப்பு நீர். 20 மீட்டரில் 1,000 போடுவதா 1,025 போடுவதா என்பதிலேயே அரை மீட்டர் போய்விடும்.

அப்புறம், கருவியை இறக்கும் முன் கப்பல் தளத்தில் அது காட்டும் அழுத்தத்தைக் குறித்துக் கழிக்க வேண்டும். நான் ஒருமுறை மறந்து, ஒரு நாள் தரவு முழுவதையும் திருத்த வேண்டியதாயிற்று.