அந்தப் புல்வெளியில் ஓர் ஊர் இருந்தது

இங்கிலாந்தின் அழகான கிராமங்கள் என்று யார் படம் போட்டாலும் அதில் மில்டன் ஆபஸ் இருக்கும். டார்செட் பகுதியில் உள்ள ஊர். சரிவாக இறங்கும் ஒரே தெரு, இருபுறமும் வெள்ளைச் சுவர், வைக்கோல் கூரை, எல்லா வீடும் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவு. முன்பெல்லாம் நானும் பார்த்தவுடன் லைக் போடுவேன். வீடுகள் ஏன் அப்படி ஒரே மாதிரி இருக்கின்றன என்று தெரிந்த பிறகு கை வரவில்லை.

அந்தத் தெருவைக் கட்டியவர் ஜோசப் டேமர். 1718இல் பிறந்தவர். அயர்லாந்தில் வட்டிக்கு விட்டுச் சேர்த்த ஓர் உறவினரின் சொத்து குடும்பத்துக்கு வந்தது. 1741இலிருந்து 1762 வரை மூன்று தொகுதிகளின் சார்பில் அடுத்தடுத்து நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். அப்புறம் மில்டன் பிரபு ஆனார், கடைசியில் டார்செஸ்டர் கோமகன். பதவிகளை இத்தோடு விடுகிறேன். 1752இல் அவர் வாங்கிய நிலம்தான் விஷயம்.

பழைய மடம் ஒன்று, அதன் மாபெரும் தேவாலயம், சுற்றிலும் பச்சைப் பள்ளத்தாக்கு. தேவாலயத்தை ஒட்டியே மிடில்டன் என்ற ஊர். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள், சந்தை, விடுதிகள், 1521இல் தொடங்கிய பள்ளிக்கூடம். டேமருக்கு ஜன்னலைத் திறந்தால் புல்வெளி தெரிய வேண்டும். தெரிந்ததோ ஊர்.

படை எதுவும் வரவில்லை, கலவரமும் இல்லை. ஒரு குத்தகை முடிந்தால் புதுப்பிக்க மாட்டார், வீட்டை இடிப்பார். அடுத்த குத்தகை முடியும்வரை காத்திருப்பார். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது. கூச்சலே இல்லாமல் ஓர் ஊரைக் கரைத்த இந்த நிதானம்தான் என்னை அதிகம் உலுக்குகிறது. வீடுகள் போன இடத்துக்குத் தோட்டக்கலையில் பெயர்பெற்ற லேன்சலாட் பிரவுன் புல்வெளியும் ஏரியும் வகுத்துக் கொடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் தோட்டத்தில் புகுந்து தொல்லை தருவதாகப் புகார். 1785இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் பள்ளியையே பிளான்ட்ஃபோர்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பள்ளியை விரட்டவும் சட்டம் கிடைத்தது, ஏனென்றால் சட்டம் செய்கிற இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவரைப் போன்றவர்கள்.

ஒரே ஒருவர் மட்டும் நகரவில்லை. வில்லியம் ஹாரிசன், வக்கீல். குத்தகைக் காலம் மிச்சமிருக்கிறது, காலி செய்ய மாட்டேன் என்றார். பழைய மடத்துக் குளத்தின் மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீரை விட வைத்தார் டேமர். ஹாரிசன் வழக்குப் போட்டார், ஜெயித்தார். எனக்கு இந்த மனிதர்மேல் அவ்வளவு மரியாதை. ஆனால் அவருக்குச் சட்டம் தெரியும், கையில் பத்திரம் இருந்தது. கூலிவேலை செய்தவனுக்கு எது இருந்தது?

'புது வீடு கட்டித் தந்தாரே, நல்ல வீடுதானே' என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. சரி, கணக்குப் பார்ப்போம். மிடில்டன்காரர்களுக்கென்று கட்டிய புதுத் தெரு, அதாவது படங்களில் வரும் அந்த மில்டன் ஆபஸ் தெரு, அதில் குடிசைகள் நாற்பதுக்குள். பார்க்க ஒரு வீடு. உள்ளே இரண்டு குடும்பம், நடுவில் ஒரே வாசல். ஊரில் இருந்த எல்லோருக்கும் அதில் எப்படி இடம் கிடைத்திருக்கும்? இதை வள்ளல்தன்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊரைப் பறித்துக்கொண்டு தங்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தத் தேவாலயம் இன்றும் நிற்கிறது. உள்ளே வெள்ளைப் பளிங்கில் ஒரு சமாதி. 1775இல் இறந்த மனைவி கரோலின் படுத்திருக்கிறார். பக்கத்தில் டேமர் முழங்கையை ஊன்றிச் சாய்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கார்லினி என்ற சிற்பி செதுக்கியது. துணி மடிப்புகூட அவ்வளவு துல்லியம். அந்தத் துக்கம் உண்மையானது என்றே நம்புகிறேன். வெளியே வந்தால், மிடில்டன்காரர்கள் தங்கள் வீட்டு இறப்புகளுக்கு அழுத தெருக்கள் இருந்த இடத்தில் புல் மட்டும் இருக்கிறது.