நாற்பத்தெட்டு மணி நேர வைராக்கியம்

காலையில் கண் விழித்ததும் நண்பனிடமிருந்து செய்தி. "மச்சான், இந்த ஆப்பை எல்லாரும் புறக்கணிக்கிறோம். நீயும் இன்னிக்கே கணக்கை அழிச்சிடு!" அதற்குப் பின்னால் ஒன்பது ஆச்சரியக்குறிகள்.

மறுபடியுமா? அதுவும் நீயா சொல்கிறாய்?

பிரசவ வைராக்கியம், மயான வைராக்கியம் எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2023 ஜூனில், குழு குழுவாகக் கூடி அரட்டையடிக்கும் ரெடிட் என்ற இணையதளத்தில் நான் கண்டது 48 மணி நேர வைராக்கியம். ரெடிட் பதிவுகளை எடுத்துக் காட்டும் வெளி ஆப்களிடம், அந்த இணைப்புக்கு (ஏபிஐ) ரெடிட் நிறுவனம் கட்டணம் கேட்டது. அப்படியொரு வெளி ஆப்பான அப்போலோவைச் செய்தவர் கணக்குப் போட்டுப் பார்த்து, ஆண்டுக்கு 2 கோடி டாலர் ஆகும் என்றார். ஜூன் 12 அன்று 8,000-க்கும் மேற்பட்ட குழுக்கள் எதிர்ப்பாகக் கதவைச் சாத்தின. நியாயமான கோபம்தான், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் திரும்பிவிடுவோம் என்று தேதி குறித்துவிட்டுக் கோபித்துக்கொண்டு போகிறவனைப் பார்த்து யார் பயப்படுவார்கள்? ரெடிட்டின் தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் ஹஃப்மன் ஊழியர்களுக்கு எழுதியதன் சாரமே இதுவும் கடந்து போகும் என்பதுதான்.

சரி, நம்ம ஆள் கதைக்கு வருவோம். 11-ஆம் தேதி இரவு அவன் எழுதிய பிரியாவிடை உரையைப் படித்துக் கண் கலங்கி, ஒன்பது வருடக் கணக்கை அழித்தேன். அவன் அழிக்கவில்லை, "லாக் அவுட்" மட்டும் செய்தானாம். 12-ஆம் தேதி மதியமே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். எங்கே எடுத்தாய் என்றேன். "போராட்டம் எப்படிப் போகுதுன்னு பார்க்கப் போனேன்." மாலையில் இன்னொன்று. "யாரெல்லாம் துரோகம் செய்றாங்கன்னு கணக்கெடுக்கிறேன்." 13-ஆம் தேதி அந்தத் துரோகிகளுடன் விடிய விடியச் சண்டை. எங்கே? அங்கேயேதான்! 14-ஆம் தேதி, "நம்ம ஒற்றுமையைப் பாத்தியா?"

நான் எங்கே இருந்தேன்? அவன் சேர்த்துவிட்ட மாற்றுத் தளத்தில். மொத்தம் மூன்று பேர். ஒருவர் பூனைப் படம் போட்டார். இன்னொருவர் "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். மூன்றாவது நான். பூனைக்கு லைக் போட்டேன், வேறென்ன செய்ய?

ரெடிட்டில் மீண்டும் திறந்த புகைப்படக் குழுவோ, பழிவாங்குவதாக நினைத்து டிவி நகைச்சுவையாளர் ஜான் ஆலிவர் படங்களை மட்டும் அனுமதித்தது. அதற்கும் கூட்டம் அலைமோதியது. ஆளைக் குறைக்க நடந்த போராட்டத்துக்கே வேடிக்கை பார்க்க ஆள் சேர்ந்தால் எந்த முதலாளி அழுவான்? ஜூன் 30-உடன் அப்போலோ மூடப்பட்டது. 2024 மார்ச்சில் ரெடிட் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. குழுக்களைக் கவனித்துக்கொண்டு சம்பளமில்லாமல் குப்பை கூட்டிய மாடரேட்டர்கள்தான் பாவம்.

நானா? ஆறே வாரம். புதுப் பெயரில் போய்ச் சேர்ந்தேன். என்னை முதலில் வரவேற்றவன் யார் தெரியுமா? அவனேதான், நான் யாரென்று தெரியாமல். "புதுசா? இங்கே நாங்க பெரிய போராட்டமே நடத்தினோம்" என்று வகுப்பெடுத்தான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அது இருக்கட்டும். டேய், அந்தப் பிரியாவிடை உரையை டைப் பண்ண என் சார்ஜரை வாங்கிப் போனாயே, அது எங்கேடா?