ஆமாங்க, பாண்டிதான் ஆடினேன்

எல்லாரும் பாத்தாச்சு. இனி மறைக்க என்ன இருக்கு? அந்த வீடியோல கொசவத்தை எடுத்து இடுப்புல சொருகிட்டு கட்டம் கட்டமாத் தாவற பொம்பள நான்தான். "மாசமானா சொளையா சம்பளம், வேலை என்னடான்னா பாண்டி ஆடறது"ன்னு மேல எழுதிப் போட்ட அண்ணன் யாருன்னும் எனக்குத் தெரியும். உங்கள்ல பாதிப் பேருக்கும் தெரியும். பேரு சொல்ல மாட்டேன். ரெண்டு நாளாப் பேசாமத்தான் இருந்தேன். இன்னைக்கு வெடியால பால் ஊத்தற தம்பி "டீச்சருங்க, நீங்க நெம்ப ஃபேமஸ் ஆயிட்டீங்க"ன்னு சிரிச்சப்பத்தான் மனசு பொக்குன்னு போச்சு. சரி எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நீளமாத்தான் வரும்.

மொதல்ல அதுல என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன்.

தரையில சாக்பீஸ்ல போட்டிருக்கறது பாண்டிக் கட்டம் இல்லைங்க. எண்கோடு. பூஜ்யத்துல இருந்து இருபது வரைக்கும். ரெண்டாம் வகுப்புக் கழித்தல். பதினாலுல நிக்கற புள்ளை ஆறைக் கழிக்கணும்னா பின்னாடி ஆறு தாவு தாவி எட்டுல போய் நிக்கணும். அந்தப் பொண்ணு ஒம்பதுல போய் நின்னுட்டா. ஏன்னா தான் நின்ன கட்டத்தையே "ஒண்ணு"ன்னு எண்ணிட்டா. இது அவ மட்டும் பண்ற தப்பில்ல. நோட்டுல எண்கோடு போட்டு விரல் வெச்சு எண்ணச் சொன்னா பாதி வகுப்பு இதையேதான் பண்ணும். கூட்டல்ல ஒண்ணு கொறையும், கழித்தல்ல ஒண்ணு கூடும். நானும் செவப்பு மையில சுழிச்சுச் சுழிச்சுப் பாத்திருக்கேன். மறுநாளும் அதே தப்பு வரும். தாவ வெச்சா அப்படி வராது. நிக்கறது வேற, தாவறது வேறன்னு காலுக்குத் தெரியும். "சாமி, தாவினதுக்கு அப்பறந்தான் ஒண்ணு, இங்க பாரு"ன்னு நான் தாவிக் காட்டினேன். அதைப் பாத்துத்தான் நீங்க சிரிச்சீங்க. அடுத்த தடவை அவ சரியா எட்டுல போய் நின்னா. அது நீங்க பாத்த வீடியோல இருக்காது. ஊட்டுலயும் இப்படிச் சொல்லிக்குடுங்கன்னு பெத்தவங்க குரூப்புக்கு நான் முழுசாத்தான் அனுப்பினேன். வெட்டினது அண்ணன். புள்ளைங்க முகத்தைக்கூட மறைக்காம ஊருக்கே போட்டதும் அண்ணன்தான். அது சரியான்னு அவரே ரோசனை பண்ணட்டும்.

குதிச்சது பாடத்துக்கு நடுவுல வுட்ட இடைவேளை இல்லைங்க. குதிச்சதுதான் பாடம். இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்றேன், ஏன்னா எத்தனை தடவை சொன்னாலும் காதுல ஏற மாட்டேங்குது.

இதென்னமோ நானாக் கண்டுபுடிச்சதுன்னு நெனைச்சுக்காதீங்க. செயல்வழிக் கற்றல் 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல ஆரம்பிச்சு, 2007-08-ல தமிழ்நாடு பூரா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துச்சு. பாடத்தைத் துண்டு துண்டாப் பிரிச்ச அட்டை, எந்த அட்டைக்கு அப்பறம் எதுன்னு காட்டற ஏணிப்படிப் படம், புள்ளைங்க கை எட்டற ஒயரத்துல கீழ்மட்டக் கரும்பலகை. அன்னைக்கும் எங்க ஊர் டீக்கடையில "டீச்சரும் புள்ளைங்களும் வட்டமா உக்காந்து சீட்டு ஆடறாங்க"ன்னாங்க. அப்பறம் கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டிக் கெடந்து, புள்ளைங்க அ, ஆ கூட மறந்து வந்து நின்னப்ப, 2022 ஜூன்ல எண்ணும் எழுத்தும் திட்டம் வந்துச்சு. பாட்டு, கதை, பொம்மலாட்டம்னு வகுப்புக்குள்ளயே களம் பிரிச்சு, அரும்பு, மொட்டு, மலர்னு நெலை பிரிச்சு, ஆடு பாடு செய்யுன்னு கையேடே குடுத்திருக்காங்க. அரசாங்கம் ஆடச் சொல்லுது, ஆடினா ஊரு சிரிக்குது. நான் எங்க போய் முட்டிக்கறது?

மரியா மாண்டிசோரி அம்மாவை எல்லாருக்கும் தெரியும்தான? 1939-ல மெட்ராஸுக்கு வந்து அடையாறுல வாத்தியாருங்களுக்குப் பயிற்சி குடுத்தவங்க. அவங்க பேருல திருப்பூர்லயும் ஈரோட்டுலயும் எத்தனை போர்டு தொங்குதுன்னு எண்ணிப் பாருங்க. அங்க புள்ளை மணி கோத்தா, கிண்ணத்துல இருந்து கிண்ணத்துக்குத் தண்ணி ஊத்தினா அது "மெத்தட்". பீஸ் கட்டி, போட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெக்கறீங்க. எங்க பள்ளிக்கூடத்துல புளியங்கொட்டைய வெச்சு எண்ணினா டீச்சருக்கு வேலையில்ல. நல்லா இருக்குங்க உங்க நாயம்.

இன்னொண்ணும் சொல்லணும். இதைச் சொன்னா அண்ணனுக்குக் கோவம் வரும், வரட்டும். போன நோம்பிக்கு எங்க ஊர்ல வள்ளி கும்மி அரங்கேற்றம் நடந்துச்சு. பொழுதோட வேலை முடிச்சு வந்து, கோயில் மைதானத்துல லைட்டுப் போட்டு, வாரக்கணக்கா அடி பழகுனாங்க. அண்ணனும் பழகுனாரு. ஆசிரியர் ஒரு வரி பாடுவாரு, இவங்க திருப்பிப் பாடிட்டே அடி வெப்பாங்க. மொத வாரம் அண்ணனுக்குக் காலும் வரல, பாட்டும் வரல. கடைசியில விடிய விடிய ஆடினப்ப ஒரு வரிகூட மறக்கலைங்க அவருக்கு. பள்ளிக்கூடத்துல எட்டு வரி செய்யுள் மனப்பாடம் பண்ண முடியாம வெளிய நின்ன ஆளு (அவரே சொன்னதுதான், நான் சேத்துச் சொல்லல) ராத்திரி பூராப் பாடற பாட்டை மண்டையில ஏத்திக்கிட்டாரு. எப்படி? உக்காந்து படிச்சா? அடி வெச்சு வெச்சுத்தான? மேட்டுப்பாளையம் பக்கத்து பத்ரப்பன் ஐயாவுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல பத்மஸ்ரீ குடுத்தப்ப நாமெல்லாம் பேனர் வெச்சுப் பெருமைப்பட்டோம். அம்பது வயசு ஆளுக்குக் கால் வழியாப் பாட்டு ஏறினா அது கலை. ஏழு வயசுப் புள்ளைக்குக் கால் வழியாக் கணக்கு ஏறினா அது வேலை வெட்டி இல்லாத டீச்சரா?

கமெண்ட்ல என்னென்ன வரும்னும் தெரியும்.

"எங்க காலத்துல கை கட்டி வாய் பொத்தி உக்காந்துதான் படிச்சோம், நாங்கெல்லாம் நல்லா வரலையா?" வந்துட்டீங்க. அதான் முகநூல்ல எழுதறீங்க. வராதவங்க எழுத மாட்டாங்க. எங்க வகுப்புல ஒரு பையன் இருந்தான். அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல உக்கார மாட்டான். எந்திரிப்பான், சன்னலுக்குப் போவான், ஓணானைப் பாப்பான், திரும்பி வருவான். எங்க வாத்தியார் புளிய விளார்ல அவன் முட்டிக்குப் பின்னாடியே அடிப்பாரு. கோதண்டம் போட வெப்பாரு. அந்தக் காலத்து வகுப்புல ஒடம்புக்கு வேலையே இல்லைன்னு யாரு சொன்னது? அடி வாங்கற வேலை இருந்துச்சே. நாலாவதோட நின்னு வெள்ளகோவில் பக்கம் தறிக்குப் போனான். இன்னைக்கும் தறிதான். ஓடற தறில பாவு இழை ஒண்ணு அறுந்தா, சத்தத்தை வெச்சே எந்தத் தறின்னு சொல்லுவான். அவனைத்தான் "மண்டையில ஒண்ணுமில்லாத மசையன்"னு நாலாவது முடியற வரைக்கும் கூப்புட்டாங்க. போன வருசம் ஒரு கல்யாணத்துல பாத்தேன். "டீச்சரம்மா, நம்ம புள்ளைங்கள அடிக்காதீங்க"ன்னான். சிரிச்சுட்டேதான் சொன்னான். எனக்குச் சாப்பாடு எறங்கல.

"ஒழுக்கம் கெட்டுரும்." கெடாது. அடுத்தது.

"ரெண்டு டீச்சர் வெச்சுட்டு அஞ்சு வகுப்பு நடத்தற பள்ளிக்கூடத்துல இதெல்லாம் ஆகற காரியமா? ஒரு வகுப்பு குதிச்சா மத்தது என்ன பண்ணும்?" இது நாயமான கேள்வி. ஆனா எங்கிட்டக் கேக்க வேண்டியதில்ல. 60 புள்ளைங்க வரைக்கும் ரெண்டு டீச்சர் போதும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்து அட்டவணையே சொல்லுது. வகுப்பு அஞ்சு இருக்குங்கறதை எழுதினவங்க மறந்துட்டாங்களாட்ட இருக்கு. அதே அட்டவணையில வெளையாட்டு மைதானம் வேணும், ஒவ்வொரு வகுப்புக்கும் வெளையாட்டுச் சாமான் வேணும்னும் எழுதியிருக்கு. தொடக்கப் பள்ளிக்குப் பி.டி. வாத்தியார் பணியிடமே கெடையாது. இருக்கறதை வெச்சுத்தான் பண்றோம். நாலாவது, அஞ்சாவது புள்ளைங்கள எண்கோட்டுக்கு நடுவரா நிக்க வெச்சுருவேன். அதுங்களுக்கும் திருப்புதல் ஆச்சு. எல்லா நாளும் சரியா வருதான்னு கேக்காதீங்க.

"தனியார்ல எல்.கே.ஜி. புள்ளையே நோட்டு நோட்டா எழுதுது." எழுதுதுங்க. பென்சிலை முஷ்டியாட்டப் புடிச்சு, தோளை இறுக்கிக்கிட்டு எழுதுது. அப்படி எழுதிட்டு வந்த புள்ளைங்களும் எங்கிட்ட வந்து சேருது. களிமண்ணை உருட்டி, மணல்ல விரல்ல எழுதி, தரையில பெருசாப் போட்ட "அ" மேல நடந்துட்டு, அப்பறமா பென்சிலைக் குடுங்க. இது வெளிநாட்டுச் சமாச்சாரமும் இல்ல. நம்ம அப்பாருங்க திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதான் எழுதிப் பழகுனாங்க. நாமக்கல் பக்கத்து ஸ்கூல்களுக்கு "பிராய்லர்"னு பேரு வெச்சதும் நாமதான், விடியக்காலையில போய் வரிசைல நின்னு அப்ளிகேசன் வாங்குனதும் நாமதான். இதுக்கு மேல பேசினா சண்டையாயிரும்.

எங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே தேங்காய் காய வெக்கற களம். காங்கேயம் பக்கம் இருக்கறவங்களுக்குத் தெரியும். ஒடிசாக்காரங்க குடும்பத்தோட வந்து வேலை செய்யறாங்க. அதுல ஒரு பையனை ஒண்ணாவதுல சேத்துட்டுப் போனாங்க. வாயே தொறக்கல. பயத்துல ஒண்ணுக்குப் போகணும்னுகூடக் கேக்கத் தெரியாது. அவனுக்கு நான் புத்தகத்தைத் தொறந்து வெச்சு என்ன சொல்ல? "நில்லு, உக்காரு, ஓடு, தொடு, பின்னாடி போ"ன்னு வெளையாட்டுத்தான். மத்ததுங்க செய்யறதைப் பாத்துப் பாத்து அவனும் செஞ்சான். மாசக்கணக்குல பேசல, ஒடம்பு மட்டும் பதில் சொல்லுச்சு. ஒருநா ஒரு புள்ளை கட்டத்தை மாத்தி நின்னதுக்கு "ஏய், அக்கட்டப் போ"ன்னு சத்தம் போட்டான். 'அந்தப் பக்கம் போ'ங்கறதுக்கு எங்க ஊர்த் தமிழ்! நான் வகுப்புக்கு வெளிய போய் மூஞ்சியத் தொடைச்சுட்டு வந்தேன். ஒடம்பு அசைய வெச்சு மொழி சொல்லிக்குடுக்கறதை ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்கக்காரர் 1960-கள்லயே ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காருன்னு அப்பறம் ஒரு பயிற்சியில சொன்னாங்க. இருக்கட்டும். எனக்கு அந்த "அக்கட்ட" போதும்.

5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் புள்ளைங்க நாளுக்குச் சராசரியா 60 நிமிசமாவது நல்லா ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொல்லியிருக்கு. உங்க ஊட்டுப் புள்ளைக்கு அது எங்க கெடைக்குது? வேன்ல உக்காந்து போயி, பெஞ்சுல உக்காந்து, வேன்ல உக்காந்து வந்து, டியூசன்ல உக்காந்து, ராத்திரி போனை வெச்சுக்கிட்டு உக்காந்து. இட்டேரில ஓடுச்சா, கில்லி அடிச்சுச்சா? அதுக்கு மிச்சம் இருக்கறது பள்ளிக்கூடம் ஒண்ணுதான். அங்கயும் ஆடினா வீடியோ போடுவீங்க.

அப்பறம் அந்தப் பெரிய கேள்வி. "டீச்சர், உங்க பையனை எங்க படிக்க வெச்சீங்க?" இதுவரைக்கும் வந்த கமெண்டுல மூணுல ஒண்ணு இதுதான். அஞ்சாவது வரைக்கும் எங்க பள்ளிக்கூடத்துலதான் படிச்சான். எங்கிட்டயேதான் படிச்சான். ஆறாவதுக்கு எங்க போனான்கறது எங்க ஊட்டு விசயம். அவங்க அப்பாவும் இருக்காரு, அவங்க அமுச்சி அப்பச்சியும் இருக்காங்க, நான் ஒருத்தி முடிவு பண்றதில்ல. அதுக்கும் பதினாலுல ஆறைக் கழிக்கறதுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பளத்தைப் பத்திப் பேசறவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. எமிஸ்னு பள்ளிக்கல்வித் துறை வெச்சிருக்கற ஆன்லைன் தளத்துல பதிவு ஏத்தறதுக்கும், நெட்டு கெடைக்காம வேப்ப மரத்தடியில போனைத் தூக்கிப் புடிச்சுட்டு நிக்கறதுக்கும், வாக்காளர் பட்டியலைத் தூக்கிட்டு ஊடு ஊடாப் போறதுக்கும் அதே சம்பளம்தான். அப்ப யாரும் வீடியோ எடுக்கறதில்ல. நான் புள்ளைங்களோட நிக்கறப்பத்தான் சம்பளம் ஞாபகத்துக்கு வருது.

வெளி ஆளுங்க பேசினதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். எங்க ஒன்றியத்து ஆசிரியர் குரூப்ல அந்த வீடியோவை ஒருத்தர் போட்டாரு. எல்லாரும் பாத்ததுக்கு நீல டிக் இருக்கு. எல்லாரும் என்னோடயே பயிற்சியில உக்காந்து, பாட்டுக்கு நடிச்சு, காயிதத்துல முகமூடி செஞ்சு, ஒருத்தர ஒருத்தர் கலாய்ச்சுக்கிட்டவங்க. ஒருத்தர்கூட "அது எண்கோடு, கழித்தல் பாடம்"னு ரெண்டு வார்த்தை எழுதலைங்க. ஒரு சார் மட்டும் கும்புடு பொம்மை போட்டாரு. யாருக்குப் போட்டாருன்னு இன்னும் புரியல. இன்னொருத்தர் தனியாக் கூப்புட்டு "எதுக்கு மேடம் வீடியோவெல்லாம் எடுக்கறீங்க, அதிகாரி வர்றப்ப மட்டும் செஞ்சு காட்டிட்டுப் பேசாம இருந்தாப் போதுமே"ன்னு அக்கறையாச் சொன்னாரு. அடுத்த வாரம் சுத்துப்பட்டுப் பள்ளி டீச்சருங்கல்லாம் கூடற குறுவள மையக் கூட்டத்துல எல்லாரும் பக்கத்துப் பக்கத்துலதான் உக்காரப் போறோம். பேசாம மொகத்தைத் திருப்பிக்கற ஆள் நான் இல்ல. பேசுவேன். ஆனா எனக்கும் சேத்து டீ சொல்ல வேண்டாம்.