அந்த விளையாட்டின் பெயர் மிதிவெடி

சனிக்கிழமை எங்கள் அலுவலகம் நடத்திய செயலமர்வைப் பற்றி எதுவும் எழுதுவதில்லை என்றுதான் இரண்டு நாட்களாக இருந்தேன். அங்கே எடுத்த குழுப் புகைப்படத்தின் கீழ் “நாங்கள் ஒரே குடும்பம்” என்று குவியும் வாழ்த்துகளைப் பார்த்த பின் பேசாமலிருக்க முடியவில்லை.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மண்டபத் தரையில் காகிதக் கோப்பைகளைப் பரப்பிவிட்டு, இவை மிதிவெடிகள் என்றார் பயிற்சி நடத்த வந்த வளவாளர். ஒருவரின் கண்ணைக் கட்டிவிட, மற்றவர் இடது, வலது என்று குரல் கொடுத்து, கோப்பையில் கால் படாமல் அவரை அக்கரை சேர்க்க வேண்டும். அதனால் ஊழியர்களுக்கிடையே நம்பிக்கை வளருமாம். பல நாடுகளில் நிறுவனங்கள் இதே பெயரில் நடத்தும் பயிற்சிதான் இது. ஆனால் இதை அவர் நடத்தியது கிளிநொச்சியில். ஏ-9 வீதியால் சற்று வடக்கே போனால் முகமாலை. போர் 2009இல் முடிந்த பிறகும் ஆண்டுக்கணக்காக, குடும்பத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் முழந்தாளிட்டிருந்து, வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாகச் சுரண்டி வெடி எடுத்த நிலம் அது. இலங்கை மிதிவெடித் தடைச் சமவாயத்தில் சேர்ந்ததே 2017இல்தான். நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க 2028 வரை தவணை இருக்கிறது.

எங்களுடன் வேலை செய்யும் அக்கா ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். அவரிடம் கேட்டுவிட்டே இதை எழுதுகிறேன். அவருடைய முறை வந்தபோது கண்கட்டும் துணியைக் கையில் வாங்கி, நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டு, “தலையிடிக்குது தம்பி” என்று என்னிடம் சொல்லி, வெளியே தண்ணீர்த் தாங்கியருகே போய் உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து விளையாட்டை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எதற்கெடுத்தாலும் போரை இழுக்கிறீர்கள் என்று சிலர் சொல்வீர்கள். மிதிவெடி என்ற சொல்லை அந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்தது நானல்ல. வளவாளரின் நோக்கம் நல்லது என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன், அவர் மீது எனக்குக் கோபமில்லை. யாருக்கு என்ன நேர்ந்திருக்கிறது, யாரால் எது முடியும் என்று அலுவலகம் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டு அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்களைக் கேட்காமல் எங்களை ஒன்றுசேர்க்க முடியாது. இளையவர்கள் மகிழ்ந்தார்கள் என்பதும் உண்மை. கயிறிழுத்தலில் நானும் சிரித்தேன். விளையாட்டு வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. கேட்காமல் செய்ய வேண்டாம் என்கிறேன்.

இந்த அலுவலகம் என்னுடையது என்று நான் முதன்முதலில் உணர்ந்தது 2018 டிசம்பரில், இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு ஊர்கள் வெள்ளத்தில் நின்ற நாட்களில். பாடசாலையில் தங்கியிருந்த சனங்களுக்குச் சமைக்க யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. கணக்காளர் தேங்காய் துருவினார். இதே அக்கா கிடாரத்தின் முன்னே நின்று உப்புப் பார்த்தார். லஞ்ச் ஷீற்றில் சோறு கட்டிக் கட்டி என் விரல்கள் வெந்துபோயின. வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாத தண்ணீருக்குள் சாரதி அண்ணை வாகனத்தை இறக்கியபோது, அவருடைய கண்ணை மட்டும் நம்பி நாங்கள் ஐந்து பேர் பின்னால் இருந்தோம். அதுவரை என்னுடன் ஒரு சொல் பேசியிராத கணக்காளர், அன்றிரவு தன் சாப்பாட்டில் பாதியை எனக்குத் தந்தார். இன்றும் மதியத்தில் நாங்கள் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம்.

வெள்ளம் வந்தால்தான் ஒற்றுமை வருமா என்று கேட்காதீர்கள். அன்று ஒவ்வொருவருக்கும் தெரிந்த வேலை அவரவர் கையில் இருந்தது, ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்டார். மாதாந்தக் கூட்டத்தில் அந்த அக்கா வாய் திறந்தாலே கடிகாரத்தைப் பார்ப்பவர்கள், ஒரு சனிக்கிழமையில், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்த தாய்மாருக்கு நம்பிக்கையைப் பற்றி வகுப்பெடுப்பது எனக்கு வலிக்கிறது.

அந்தக் குடும்பப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். எல்லோரும் ஒரே நிறச் சட்டை அணிந்திருக்கிறோம். சாரதி அண்ணை அதில் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் இருப்பதால் அவருக்குச் சட்டையும் வரவில்லை, செயலமர்வுக்கான அழைப்பும் வரவில்லை. எங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, மாலைவரை வெளியே காத்திருந்து, படத்தை எடுத்துத் தந்தவர் அவர்தான்.