சாங்ஷன் ஆயிடுச்சு

மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். கோச்சிங் சென்டரில் தினம் 20 ஆங்கிலச் சொற்கள் கொடுக்கிறார்கள். நோட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் சொல், அந்தப் பக்கம் ஒற்றை வார்த்தையில் அர்த்தம். போன வாரம் பேப்பரில், ஒரு நாட்டின் மீது அமெரிக்கா 'சாங்ஷன்' போட்ட செய்தியைப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்: "அம்மா, சாங்ஷன்னா அனுமதிதானே? அனுமதி கொடுத்துட்டு அந்த நாட்டோட அமெரிக்கா எதுக்குச் சண்டை போடுது?"

அவள் மேல் தப்பே இல்லை. சென்னையில் வளர்ந்த பிள்ளைக்கு அந்தச் சொல் காதில் விழுந்ததே அப்படித்தான். வீட்டுக் கடனுக்கு அலைந்துகொண்டிருந்த நாளில் "சாங்ஷன் ஆயிடுச்சு" என்று அவள் அப்பா போனில் சொன்னதும் அன்றைக்கு வீட்டில் கேசரி. பிளான் சாங்ஷன், லீவு சாங்ஷன், எல்லாமே நல்ல சேதி. ஆனால் 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடத்தியதும் அமெரிக்கா நம் மீது போட்டதும் இதே சாங்ஷன்தான். அதற்குப் பொருளாதாரத் தடை என்று பெயர்.

லத்தீனில் 'புனிதமாக்கு, சட்டமாக உறுதிசெய்' என்ற வினையிலிருந்து வந்த சொல் இது. செயின்ட் என்பதும் அதே வேர்தான். நம் சாந்தோமின் தொடக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'சான்' கூட அதுவே! சட்டத்தை உறுதிசெய்வதற்கும், அதை மீறினால் விழும் தண்டனைக்கும் ஒரே சொல்லாகிவிட்டது.

சரி, எந்த அர்த்தம் என்று எப்படிப் பிடிப்பது? பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். கடன், திட்டம், லீவு என்றால் ஒப்புதல். நாடு, கம்பெனி, ஆள் என்றால் தடை. 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்து பின்னாலேயே 'ஆன்' (on) என்ற ஆங்கிலச் சொல் வந்தால் பெரும்பாலும் தடைதான். தமிழில் இதை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை. குழந்தையை அணைத்தாள், விளக்கை அணைத்தாள். ஒருநாளாவது குழம்பியிருக்கிறோமா? வாக்கியத்தோடு கேட்டு வளர்ந்ததால் குழப்பம் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், நடுக்கோடு போட்ட அந்த நோட்டு பிள்ளைகளுக்குச் செய்வது அநியாயம். தினம் 20 சொல் வேண்டாம். மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தோடு.

அவள் இப்போது வேறு நோட்டு போட்டிருக்கிறாள். நேற்று ராத்திரி 'ஓவர்சைட்' என்ற சொல்லோடு வந்தாள். மேற்பார்வை என்றும் எழுதியிருந்தாள், கவனப்பிசகு என்றும் எழுதியிருந்தாள். இரண்டுக்கும் கீழே அவளே எழுதிய வாக்கியம் ஒவ்வொன்று.