ஜெஃபர்சன் இல்லாமல் 5-2, ஜெஃபர்சனோடு 2-8: இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பேசாதீர்கள்

அமெரிக்கக் கால்பந்தைப் பின்தொடர்பவர்கள் மத்தியில் ஒரு கணக்கு அடிக்கடி சுற்றி வருகிறது. 2023 பருவத்தில் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணி ஆடிய 17 ஆட்டங்களில் அதன் ரிசீவர் (வீசும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) ஜஸ்டின் ஜெஃபர்சன் களமிறங்கியது 10. அதில் வெற்றி இரண்டு, தோல்வி எட்டு. அவர் காயத்தால் வெளியே இருந்த 7 ஆட்டங்களில் ஐந்து வெற்றி, இரண்டே தோல்வி. "பார்த்தீர்களா, ரிசீவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஆட்டத்தின் முடிவு அவன் கையில் இல்லை. அவனுக்குப் போய் இவ்வளவு பணமா?" என்று முடித்துவிடுகிறார்கள். 2024 ஜூனில் நான்கு ஆண்டுக்கு 14 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது இந்தப் பேச்சு இன்னும் பெரிதானது.

கணக்கில் பிழை இல்லை. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் முழுத் தவறு. ஒரு பெரிய ரிசீவர் திரும்பி வரும்போது அணியின் பாஸ் ஆட்டத்தில் (பந்தை வீசி முன்னேறும் ஆட்டத்தில்) என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஆகவே ஆட்டம் ஆட்டமாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதல் ஐந்து ஆட்டங்களில் அவர் எடுத்தது 36 கேட்ச், 571 யார்டு, 3 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டுவது). அணியோ 1-4. காரணம் பாஸ் ஆட்டம் அல்ல, கைநழுவிய பந்துகள். பிலடெல்ஃபியாவில் மட்டும் நான்கு ஃபம்பிளைப் பறிகொடுத்தார்கள். அதில் ஒன்று ஜெஃபர்சனுடையதுதான்: முதல் பாதி முடியும் நேரத்தில் கோல் கோட்டருகே நீட்டிய கையிலிருந்து பந்து நழுவி எண்ட் ஸோனுக்குள் (கோல் கோட்டுக்கு அப்பாலுள்ள பகுதிக்குள்) விழுந்து வெளியே போனது. அந்தப் பழியை அவர் ஏற்றுத்தான் ஆகவேண்டும். 34-28 என்று தோற்ற ஆட்டம் அது. அடுத்த வாரம் சார்ஜர்ஸுக்கு எதிராகக் கடைசி நொடிகளில் எண்ட் ஸோனுக்குள் போன பாஸ் தட்டுப்பட்டு எதிரணி கைக்குப் போனது, 28-24. இப்படித் தோற்ற நான்கு ஆட்டங்களையும் அவர் பெயரில் எழுதுகிறார்கள்.

அக்டோபர் 8, கன்சாஸ் சிட்டியுடன் நான்காவது கால்பகுதி. யாரும் தொடாமலே சறுக்கினார், தொடைப் பின்தசை போனது. காயப் பட்டியலில் வைத்தார்கள். அதில் வைத்தால் குறைந்தது நான்கு ஆட்டம் வெளியே. திரும்பப் பயிற்சிக்கு வந்த நாளிலிருந்து 21 நாள் அவகாசம், அதற்குள் அணியில் சேர்க்காவிட்டால் அந்தப் பருவமே முடிந்தது. நவம்பர் 8 அன்று பயிற்சிக்கு வந்தார். ஆனாலும் செயின்ட்ஸ், பிராங்கோஸ், பேர்ஸ் என்று மூன்று ஆட்டங்களில் இறக்கவில்லை. பேர்ஸிடம் 12-10 என்று தோற்றபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அணி செய்ததுதான் சரி என்பது என் உறுதியான கருத்து.

ஏன் என்று சொல்கிறேன். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னே வீசப்பட்டுத் தரையில் ஊன்றுவதற்குச் சற்று முன் தொடைப் பின்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கிழிகிறது. நேர்கோட்டில் ஓட முடிகிறது என்பதால் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு ரிசீவருக்குக் கடினமான வேலை ஓட்டம் அல்ல, நிற்பது. பன்னிரண்டு, பதினைந்து யார்டு முழு வேகத்தில் போய், இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று அடிக்குள் வேகத்தைக் கொன்று உள்ளே திரும்ப வேண்டும். அதனால் திரும்ப வரும் வரிசை இப்படித்தான் இருக்கும்: மெதுவோட்டம், பிறகு நேர்கோட்டில் 70, 80, 90 விழுக்காடு வேகம், பிறகு திட்டமிட்ட நிறுத்தம், பிறகு திசைமாற்றம், கடைசியாகக் களைத்த காலோடு எதிராளியைப் பார்த்து எதிர்வினை. கடைசிப் படியைத் தாண்டாமல் இறக்கினால் முதல் சில வாரங்களில் அதே தசை மறுபடி போகும் ஆபத்து அதிகம். இன்னொரு நுட்பமான சிக்கலும் உண்டு. வலி இல்லாவிட்டாலும் ஆட்டக்காரர் தன்னையறியாமல் ஓர் அடி முன்பே பிரேக் போடுவார். அந்த ஓர் அடியைப் பார்த்தே அவரை மறிக்கும் எதிரணிக் கார்னர்பேக் அவருடைய ரூட்டை, அதாவது ஓடப்போகும் பாதையை, படித்துவிடுவான்.

சரி, அவர் இல்லாத ஏழு ஆட்டம்? சிகாகோவில் 19-13 என்று வென்றது தற்காப்பில் ஆடும் லைன்பேக்கர் ஜோர்டன் ஹிக்ஸ் கீழே விழுந்த பந்தை எடுத்துக்கொண்டு 42 யார்டு ஓடி அடித்த டச்டவுனால். அந்த ஏழு ஆட்டங்களில் எதிரணிகள் எடுத்தது மொத்தம் 120 புள்ளி, ஆட்டத்துக்குச் சுமார் 17. பிரையன் ஃப்ளோரஸ் நடத்திய தற்காப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. ஜெஃபர்சன் திரும்பிய பிறகு ஐந்தே ஆட்டத்தில் எதிரணிகள் எடுத்ததும் அதே 120. ஆட்டத்துக்கு 24. இத்தனைக்கும் அந்த ஐந்தில் ஒன்றில் எதிரணி பூஜ்யம். தற்காப்பு சரிந்ததற்கு ஒரு ரிசீவர் எப்படிப் பொறுப்பாவார்?

சான் பிரான்சிஸ்கோவை 22-17 என்று வென்றது மட்டும் உண்மையிலேயே பாஸ் ஆட்டத்தின் வெற்றி. குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கிர்க் கசின்ஸ் 378 யார்டு வீசினார், முதலாண்டு ஆட்டக்காரர் ஜோர்டன் ஆடிசன் 123 யார்டு, 2 டச்டவுன். ஆனால் அடுத்த வாரமே, அக்டோபர் 29 அன்று கிரீன்பேயில் கசின்ஸின் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. எட்டு ஆட்டத்தில் 18 டச்டவுன், 5 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட பாஸ்) என்று இருந்த மனிதர். ஜெஃபர்சன் திரும்பி வந்த கதையில் எல்லாரும் விட்டுவிடும் செய்தி இதுதான். அவர் விட்டுப்போன குவார்ட்டர்பேக் திரும்பி வந்தபோது அங்கே இல்லை.

இடையில் அரிசோனாவிலிருந்து குவார்ட்டர்பேக் ஜோஷ் டாப்ஸைக் கொண்டுவந்தார்கள். அக்டோபர் 31 அன்று வர்த்தகம், நவம்பர் 5 அன்று அட்லாண்டாவில் ஆட்டம். குவார்ட்டர்பேக்காக முதலில் இறங்கிய ஜேரன் ஹால் தலையில் அடிபட்டு வெளியேற, முதன்மை அணியோடு பயிற்சியே செய்யாத டாப்ஸ் இறங்கினார். ஸ்னாப் (பந்தைப் பின்னுக்குக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) கேட்கும் குரல் தாளத்தை ஓரத்தில் நின்றபடி முன்வரிசை லைன்மேன்களோடு ஒத்திகை பார்த்தார்கள். பயிற்சியாளர் கெவின் ஓ'கானல் ஹெல்மெட் ஒலிபெருக்கி வழியாகப் பிளேயை (அடுத்த நகர்வுக்கான திட்டத்தை) விளக்கிக்கொண்டே இருந்தார். பிளே கடிகாரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும், அதற்குள் சொல்லி முடிக்க வேண்டும். 31-28 என்று வென்றார்கள். அழகான வெற்றி. ஆனால் அது டாப்ஸின் கால்களால் கிடைத்தது. திட்டமிட்ட பாஸ் உடைந்த பிறகு ஓடித் தேடும் ஆட்டம். எதிரணிகள் இரண்டு மூன்று வாரக் காணொளியைப் பார்த்ததும் அவரை ஓடவிடாமல் லைன்மேன்களின் காப்புக் கூட்டுக்குள்ளேயே அடைத்துவைத்தன. பேர்ஸிடம் நான்கு இன்டர்செப்ஷன்.

இப்போது ஜெஃபர்சனின் பலம் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். ஓ'கானலின் பாஸ் ஆட்டம் நேரத்தை நம்பியது. குவார்ட்டர்பேக் ஐந்து அடியோ ஏழு அடியோ பின்வாங்கி, கடைசி அடி ஊன்றும்போது பந்து கிளம்ப வேண்டும். ஜெஃபர்சன் 15 யார்டு போய் உள்ளே திரும்பும் டிக் ரூட்டில், அவர் திரும்புவதற்கு முன்பே பந்து காற்றில் இருக்கவேண்டும். திரும்பியதைப் பார்த்துவிட்டு வீசினால் அரை விநாடி தாமதம். நல்ல வேகத்தில் வரும் சேஃப்டிக்கு (பின்வரிசைத் தற்காப்பாளருக்கு) அரை விநாடி என்றால் நான்கு யார்டு. முதல்தர ரிசீவர் உருவாக்கும் இடைவெளியே இரண்டு மூன்று யார்டுதான். அதாவது தாமதமாக வீசும் குவார்ட்டர்பேக் ரிசீவரின் திறமை முழுவதையும் செல்லாக்காசாக்கிவிடுகிறான். டாப்ஸும் ஜெஃபர்சனும் ஒரே ஒரு ஆட்டம்தான் சேர்ந்து ஆடினார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

அந்த ஆட்டம் டிசம்பர் 10, லாஸ் வேகாஸ். ஜெஃபர்சன் 2 கேட்ச், 27 யார்டு. நடுக்களத்தில் எம்பிப் பிடித்த பந்தில் பலமான அடி வாங்கி மார்பு வலியோடு மருத்துவமனைக்குப் போனார். வைக்கிங்ஸ் 3-0 என்று வென்றது. நான்காவது கால்பகுதியில் டாப்ஸை உட்காரவைத்து இன்னொரு குவார்ட்டர்பேக் நிக் மல்லன்ஸை இறக்கிய பிறகுதான் அந்த மூன்று புள்ளியே வந்தது. இதையும் "ஜெஃபர்சனோடு வென்ற" இரண்டில் ஒன்றாகக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

மல்லன்ஸ் முழுதாக ஆடிய மூன்று ஆட்டங்களைத் தனியாக எடுங்கள். சின்சினாட்டி 303 யார்டு, டெட்ராய்ட் 411, மறுபடி டெட்ராய்ட் 396. மொத்தம் 1,110 யார்டு. கசின்ஸ்கூட மூன்று ஆட்டத்தில் இவ்வளவு எடுத்தால் பெருமைப்படுவார். ஜெஃபர்சன் முறையே 84, 141, 192. பாஸ் ஆட்டம் திரும்பி வந்துவிட்டது, அதில் சந்தேகமே இல்லை. மூன்றிலும் தோற்றார்கள், ஏனென்றால் அதே மூன்று ஆட்டத்தில் 8 இன்டர்செப்ஷன். டிசம்பர் 24 அன்று மட்டும் நான்கு. கடைசி நிமிடத்தில் ஒரு டச்டவுன் அடித்தால் வெற்றி என்ற நிலையில் ஜெஃபர்சனைக் குறிவைத்து வீசியது எதிரணி கைக்குப் போனது, 30-24.

மல்லன்ஸ் ஏன் இப்படி? அவர் டாப்ஸுக்கு நேர் எதிர். நேரத்துக்கு வீசுவார், அதனால்தான் இவ்வளவு யார்டு. ஆனால் கை வலு குறைவு, அதற்குமேல் அசாத்தியத் துணிச்சல். ஜெஃபர்சன் மாதிரி ஒருவர் இருக்கும்போது அந்தத் துணிச்சல் இரட்டிப்பாகும். இரண்டு பேர் சுற்றி நின்றாலும் "அவர் எடுத்துவிடுவார்" என்று வீசத் தோன்றும். பெரிய ரிசீவர் திரும்பும்போது வரும் உண்மையான ஆபத்து இதுதான். பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே குவார்ட்டர்பேக்கிடம் சொல்லவேண்டியது: அவர் மேல் இருவர் வந்தால் அவரைப் பார்க்காதே, மற்றவர்களை எண்ணு.

எண்ணிப் பார்த்தால் விளங்கும். தற்காப்பில் 11 பேர். நால்வர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால் ரிசீவர்களை மறிக்கும் கவரேஜில் எழுவர். ரூட் ஓடுவது அதிகபட்சம் ஐவர். ஜெஃபர்சனுக்கு இருவர் போனால் மிச்ச நால்வருக்கு ஐவர்தான். ஒருவனைக் கூடுதலாகப் பாயவிட்டாலோ நால்வருக்கு நால்வர், எல்லாரும் ஒற்றைக்கு ஒற்றை. சின்சினாட்டியில் ஆடிசன் 6 கேட்ச், 111 யார்டு, 2 டச்டவுன் எடுத்தது இந்தக் கணக்கில்தான். அன்று ஜெஃபர்சனின் 84 யார்டை மட்டும் பார்த்துச் "சுமார்" என்றவர்கள் ஆட்டத்தில் பாதியைப் பார்க்கவில்லை. பந்து வராத ரூட்டிலும் அவர் ஒரு சேஃப்டியைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறார். அந்த வேலைக்குப் புள்ளிவிவரத் தாளில் கட்டமே கிடையாது.

அந்த ஆட்டத்தையும் கூடுதல் நேரத்தில் 27-24 என்று தோற்றார்கள். மூன்றாவது முயற்சியிலும் நான்காவது முயற்சியிலும் பந்தைத் தக்கவைக்க ஒரே ஒரு யார்டு தேவை. இரண்டு முறையும் மல்லன்ஸைக் குவியலுக்குள் தள்ளினார்கள், இரண்டும் பலிக்கவில்லை. ஜெஃபர்சனும் ஆடிசனும், பந்து பிடிக்கும் இன்னொருவரான டி.ஜே. ஹாக்கன்சனும் களத்தில் இருக்க, ஒரு பாஸாவது முயன்றிருக்க வேண்டும் என்பதில் நான் இன்றும் உறுதியாக இருக்கிறேன்.

திரும்பி வரும் ரிசீவரை எப்படிப் பயன்படுத்தவேண்டும் என்பதற்கும் இந்த ஐந்து வாரத்தில் விடை இருக்கிறது. ஓரத்தில் கோட்டருகே நிறுத்தி, கார்னர்பேக் முதல் அடியிலேயே மார்பில் கைவைக்க விடக்கூடாது. உள்ளே ஸ்லாட்டில் (ஓர ரிசீவருக்கும் லைன்மேன்களுக்கும் இடையே) வைக்கவேண்டும், அல்லது ஸ்னாப்புக்கு முன் குறுக்கே நகர்த்தவேண்டும். நகரும்போது கூடவே ஒருவன் வந்தால் ஆளுக்கு ஆள் கவரேஜ், வராவிட்டால் பெரும்பாலும் பகுதிக் கவரேஜ் என்று புதிய குவார்ட்டர்பேக்குக்கும் ஸ்னாப்புக்கு முன்பே துப்பு கிடைத்துவிடும். முதல் ஆட்டத்தில் குறுக்கு ரூட்டுகள், உள்நோக்கிச் சாய்வாக ஓடும் ஸ்லான்ட், ஓட்டம் போல் காட்டி வீசும் பிளே-ஆக்‌ஷன் போதும். திடீர் நிறுத்தம் கேட்கும் ரூட்டுகளையும் நாற்பது யார்டு நேரோட்டங்களையும் இரண்டாம் வாரத்துக்குத் தள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல், பயிற்சி வாரத்தில் அந்த ஆட்டத்துக்கான குவார்ட்டர்பேக் ஒருவரே வீசவேண்டும். டிசம்பர் 31 அன்று கிரீன்பேக்கு எதிராக ஹாலைத் தொடங்கவிட்டு, பாதி ஆட்டத்தில் மல்லன்ஸுக்கு மாறினார்கள். 33-10 தோல்வி, ஜெஃபர்சன் 59 யார்டு. முதல் வாரத்திலிருந்து எண்ணினால் அவருக்கு வீசிய நான்காவது ஆள் ஹால். ஓ'கானலை மதிக்கிறேன், ஆனால் அந்த முடிவு தவறு. மல்லன்ஸின் தவறுகளைத் திருத்த முடிந்திருக்கும், நேரத்தைப் புதிதாக உருவாக்க ஒரு வாரம் போதாது.

கடைசியில் 10 ஆட்டத்தில் 68 கேட்ச், 1,074 யார்டு. ஆட்டத்துக்கு 107. இரண்டு ஆட்டங்களில் பாதியிலேயே வெளியேறி, நான்கு குவார்ட்டர்பேக்குகளிடமிருந்து பந்து வாங்கி எடுத்த எண் இது. 2022இல் 1,809 யார்டோடு ஆண்டின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது வாங்கியதைவிட இந்தப் பருவத்தைத்தான் நான் உயர்வாக மதிப்பிடுவேன்.

இன்னும் சந்தேகம் இருந்தால் 2024ஐப் பாருங்கள். சாம் டார்னால்ட் வந்தார். கோடைப் பயிற்சி முகாமிலிருந்தே ஜெஃபர்சனோடு வேலை செய்தார். பருவம் முழுக்க 17 ஆட்டத்துக்கும் ஒரே குவார்ட்டர்பேக். 4,319 யார்டு, 35 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன். ஜெஃபர்சன் 103 கேட்ச், 1,533 யார்டு, 10 டச்டவுன். ஆடிசன் 875 யார்டு, 9 டச்டவுன். ஜெஃபர்சனோடு ஆடிய ஆட்டங்களில் அந்த ஆண்டு வெற்றி 14, தோல்வி 3. 2-8 பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பக்கத்தில் எழுதிவிட்டுப் பேசட்டும்.